யானை வந்ததா என்று கேட்டவன்

(பட்டிமன்றத் தலைப்பு: காதலியிடம் நல்ல பேச்சைத் தொடங்கி வைப்பது அழகான பாராட்டா? அக்கறையான கேள்வியா? ‘அக்கறையான கேள்வியே!’ என்ற அணியின் நிறைவு உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, தங்கை அவர்களே! அரங்கத்துக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் இன்னொரு கண்ணை அடுப்பில் வைத்த பாலிலும் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிற சகோதரிகளே!

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? “ஒரு பொண்ணுகிட்டப் பேச்சை ஆரம்பிக்கணுமா? முதல்ல நிலவுன்னு சொல்லு. அப்புறம் மலர்னு சொல்லு. மிச்சப் பேச்சை அவளே பாத்துக்குவா”ன்னாரு. கைதட்டல் பலமா இருந்தது. கைதட்டினது பூரா ஆம்பளைங்க. நான் கவனிச்சேன். (சிரிப்பு) பெண்கள் பக்கம் மூணாவது வரிசையில ஒரு அம்மா, பக்கத்துல இருந்த அம்மாவைப் பார்த்து லேசா உதட்டைப் பிதுக்கினாங்க. நடுவர் அவர்களே, அந்த உதட்டுப் பிதுக்கல்தான் எங்க அணியோட முதல் வாதம்! (கைதட்டல்)

காதலியோட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுங்கறது ஏதோ சினிமாக்காரங்க கண்டுபிடிச்ச சமாசாரம்னு நம்ம பிள்ளைங்க நினைக்கிறாங்க. இல்லை. இதுக்கு நம்ம மொழியில் இலக்கணமே இருக்கிறது. எழுத்துக்கு இலக்கணம் சொன்ன தொல்காப்பியர், சொல்லுக்கு இலக்கணம் சொன்ன தொல்காப்பியர், பொருளதிகாரத்தில் களவியல் என்று ஓர் இயலையே காதலுக்காக ஒதுக்கியிருக்கிறார். அதில், தலைவன் தோழியிடம் வந்து எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவான் என்பதற்கு மூன்று சொற்களை வைத்திருக்கிறார். ஊர், பேர், கெடுதி.

ஊர், பேர் உங்களுக்குப் புரியும். அது என்ன கெடுதி? இன்றைக்குக் கெடுதி என்றால் தீமை. அந்தக் காலத்தில் கெடுதி என்றால் தொலைந்து போன பொருள். வேட்டைக்கு வந்தவன், “நான் அம்பு விட்ட யானை ஒண்ணு இந்தப் பக்கம் வந்துதா? மான் ஒண்ணு ஓடிச்சே, பாத்தீங்களா?” என்று கேட்பான். இதற்குக் ‘கெடுதி வினாதல்’ என்று பெயர்.

மாணிக்கவாசகர் தில்லை இறைவனைப் பாடின திருக்கோவையார் 400 பாட்டு. பக்தி நூல்தான். ஆனால் வடிவம் முழுக்க அகப்பொருள் வடிவம். அதில் ‘மதியுடம்படுத்தல்’ என்று ஒரு பகுதி. தலைவனும் தலைவியும் முன்பே தனியாகச் சந்தித்துவிட்டார்கள். இப்போது பக்கத்தில் தோழி இருக்கிறாள். அவள் முன்னால் பேச்சைத் தொடங்க வேண்டும். தன் மனசு அவளுக்குப் புரியவும் வேண்டும், தலைவிக்குச் சங்கடம் வரவும் கூடாது. அங்கே வரிசையாக வருகிற துறைகளின் பெயரை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். வேழம் வினாதல். கலைமான் வினாதல். வழி வினாதல். பதி வினாதல். பெயர் வினாதல்.

பார்த்தீங்களா? முதல்ல யானை. அப்புறம் மான். அப்புறம் வழி. அப்புறம் ஊர். பேரைக் கேட்கறதே அஞ்சாவதாகத்தான்! நம்ம பசங்க என்ன பண்றாங்க? முதல் வார்த்தையிலேயே செல்போன் நம்பர்! (சிரிப்பு, கைதட்டல்)

ஐந்து கேள்விக்கு அப்புறம் ஆறாவது துறை ஒன்று வருகிறது. அதன் பெயர் ‘மொழிபெறாது கூறல்’. அதாவது, அந்தப் பெண்கள் பதிலே சொல்லவில்லை! ஐந்து கேள்வி கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அப்படியும் ஒரு நிலைமை வரும் என்று தெரிந்து, அதற்கும் ஒரு துறை வைத்தார்கள் பாருங்கள், அதுதான் தமிழ். எந்தப் பாராட்டுக்காரராவது, ‘அவள் பேசாமல் இருந்தால் என்ன செய்வது’ என்று யோசித்திருக்கிறாரா? (கைதட்டல்)

இப்ப எதிரணித் தங்கை மறிப்பாங்க. “அண்ணே, அந்த யானை பொய் யானை. அவன் யானையைத் தேடி வரலை, பொண்ணைத் தேடி வந்தான். பொய்க் கேள்வியில நல்ல பேச்சு வருமா?” நியாயமான கேள்விதாம்மா. யானை பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே மூன்று மெய் இருக்கிறது.

முதல் மெய்: அவளுக்குத் தெரிந்ததை அவன் கேட்கிறான். அவள் தினைப்புனம் காக்கிற பெண். அந்தக் காட்டு வழி அவளுக்கு அத்துப்படி. எந்தப் பக்கம் மிருகம் இறங்கும், எந்தப் பக்கம் ஏறும் என்று அவளுக்குத்தான் தெரியும். “உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, சொல்லு” என்று ஒரு ஆண்பிள்ளை வந்து நிற்கிறான். நிலவே, மலரே என்பதைவிட அது பெரிய மரியாதை இல்லையா?

இரண்டாவது மெய்: தோழி முன்னால் கூசாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. “உங்க கண்ணு மீன் மாதிரி இருக்கு”ன்னு ஒருத்தன் நாலு பேர் நடுவில் சொன்னால், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? “ஆமாங்க”ன்னா திமிர். “இல்லைங்க”ன்னா பொய். பேசாம நின்னா, “பாரு, வெக்கப்படறா”ன்னுடுவான். (சிரிப்பு) பாராட்டு அவளை மூலையில் நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது மெய்தான் முக்கியம். யானை வந்ததா என்று கேட்டால், “நாங்க பாக்கலைங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விடலாம். யாருக்கும் அவமானம் இல்லை. அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. கேள்வி என்பது கதவு, நடுவர் அவர்களே. திறக்கறதும் மூடறதும் அவ கையில இருக்கு. (கைதட்டல்)

இதை மிக அழகாகக் காட்டினவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக அவர் பாடியது குறிஞ்சிப்பாட்டு. 261 அடி. நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் 99 பூவின் பெயர் வருகிறது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். பூவை எண்ணுவதோடு சரி. பூவுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள், அருவியில் நீராடி, பூப்பறித்து, மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது வேட்டை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்து சூழ்ந்துகொள்கின்றன. பெண்கள் நடுங்கி எழுந்து விலகுகிறார்கள். பின்னாலேயே வருகிறான் நாய்க்குச் சொந்தக்காரன். மெல்லிய வார்த்தை பேசி, தன்னிடமிருந்து தப்பிப் போன விலங்கைப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். பதில் இல்லை. “சரி, அதைத்தான் சொல்லவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசுவதுமா உங்களுக்குப் பழி?” என்கிறான். அப்போதும் பதில் இல்லை.

இப்போது அவன் என்ன செய்கிறான்? குரலை உயர்த்தினானா? இல்லை. பூத்த மரக்கிளை ஒன்றை ஒடித்தான். அதை ஓங்கி, குரைத்துக்கொண்டிருந்த நாய்களை அடக்கினான். அடக்கிவிட்டு, அந்தப் பெண்கள் பேசப் போகும் சொல்லை எதிர்பார்த்து நின்றான்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன், நடுவர் அவர்களே. கேள்வி கேட்டான், அது பெரிதில்லை. கேட்டுவிட்டு, இரைச்சலை நிறுத்தினான். தன் நாய் போடுகிற சத்தத்தைத் தானே அடக்கினான். அவளுக்குப் பேச இடம் உண்டாக்கினான். அப்புறம் சும்மா நின்றான். நம்ம வீட்டுல என்ன நடக்குது? “என்ன, இன்னிக்கு உனக்கு எப்படிப் போச்சு?”ன்னு ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, அவ வாயைத் திறக்கறதுக்குள்ள செல்போனை எடுத்துடறோம். (சிரிப்பு) நாயை அடக்கலையே! கேள்வி கேட்டவன் முதல்ல தன் நாயை அடக்கணும்! (நீண்ட கைதட்டல்)

சரி, பாராட்டில் ஆரம்பித்த பேச்சு என்ன ஆகும்? அதற்கும் நம்மிடம் ஒரு காப்பியமே இருக்கிறது. சிலப்பதிகாரம். கல்யாணம் ஆகும்போது கண்ணகிக்கு 12 வயது, கோவலனுக்கு 16. இரண்டாவது காதை, மனையறம்படுத்த காதை. ஏழுநிலை மாடத்தில் நிலா முற்றம். கோவலன் தன் மனைவியைப் பாராட்டுகிறான். பொன் என்கிறான், முத்து என்கிறான், கரும்பு, தேன் என்கிறான். தமிழில் அதற்கு ஈடான பாராட்டு இல்லை என்று எதிரணி அண்ணன் சொன்னாரே, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். அதற்குக் கண்ணகி என்ன பதில் சொன்னாள்?

தேடிப் பாருங்கள். ஒரு வார்த்தை கிடையாது!

“இல்லையே, கோவலனும் கேள்வி கேட்கிறானே, உன்னை மலையில் பிறக்காத மணி என்று சொல்லட்டுமா, கடலில் பிறக்காத அமுது என்று சொல்லட்டுமா என்று கேட்கிறானே” என்பார் அண்ணன். கேட்கிறான்தான். ஆனால் அது பதில் வேண்டாத கேள்வி. கேள்வி வேஷம் போட்ட பாராட்டு. (சிரிப்பு) “உனக்கு என்ன பிடிக்கும், நீ என்ன நினைக்கிறாய்” என்று கேட்கவில்லை. 12 வயதுப் பெண், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்து மாதவி. ஏழாவது பகுதி, கானல் வரி. கடற்கரை. யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். ‘இவன் மனதில் வேறு ஒருத்தி இருக்கிறாள் போல’ என்று மாதவி நினைக்கிறாள். யாழை வாங்கித் தனக்கும் வேறு ஒருவன் இருப்பது போல அவள் பாடுகிறாள். ‘இவள் மனம் வேறெங்கோ இருக்கிறது’ என்று அவன் முடிவு கட்டுகிறான். எழுந்தான், போய்விட்டான். இரண்டு பேருமே கலைஞர்கள். இரண்டு பேருக்கும் இசை தெரியும், கவிதை தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. “நீ பாடினதற்கு என்ன அர்த்தம்?” என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை! அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஊழ்வினை என்கிறார் இளங்கோவடிகள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழ்வினையும் வீட்டுக்குள் வர ஒரு வாசல் வேண்டுமே, ஐயா! கேட்காமல் விட்ட கேள்விதான் அந்த வாசல். (கைதட்டல்)

அப்புறம் புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். நடந்து பழக்கமில்லாத கால். ஒரு காதம் நடப்பதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. அப்போது அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். “மதுரை எங்கே இருக்கிறது?” அவன் சிரித்துக்கொண்டே, ஆறைங்காதம், பக்கம்தான் என்கிறான். சொன்ன தூரம் 30 காதம்! நொந்து போனவளிடம் பக்கம்தான் என்கிறான். நம்ம வீட்டுக்காரர்கள் ரயில்ல, “இதோ அடுத்த ஸ்டேஷன்தான்”ன்னு நாலு மணி நேரமா சொல்லுவாங்களே, அந்த மாதிரி. (சிரிப்பு)

கடைசியில் பதினாறாவது காதை. மதுரைக்கு வெளியே, மாதரி கொடுத்த இடையர் வீடு. கண்ணகி தன் கையால் சமைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்த கோவலன், அவளை அருகில் அழைத்து மனசு விட்டுப் பேசுகிறான். பொன், முத்து எல்லாம் போய்விட்டது. தன் தப்பை எல்லாம் வரிசையாகச் சொல்கிறான். பெற்றவர்களைத் தவிக்க விட்டேன், உனக்குச் சிறுமை செய்தேன், எழுந்து வா என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான்.

நடுவர் அவர்களே, அப்போதுதான் கண்ணகி வாய் திறந்து, அவனிடம் தன் மனசை நீளமாகச் சொல்கிறாள். நீ இல்லாத வீட்டில் அறவோர்க்கும் விருந்தினர்க்கும் செய்யும் கடமையை இழந்தேன். உன் தாயும் தந்தையும் வந்தபோது என் நோவை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன். அதைக் கண்டு அவர்கள் வருந்தினார்கள். நீ செய்தது பெரியவர்கள் விரும்பாத காரியம். இத்தனையும் அவள் உள்ளே இருந்திருக்கிறது! அத்தனை வருஷமாக! கேட்க ஒரு ஆள் இல்லை.

அந்தப் பேச்சு முடிந்தது. ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் கடைத்தெருவுக்குப் போனான். திரும்பி வரவில்லை. இரண்டாவது காதையில் ஆரம்பித்திருக்க வேண்டிய பேச்சு, பதினாறாவது காதையில் ஆரம்பித்தது. அந்தக் காதைக்குப் பெயரே கொலைக்களக் காதை.

(அரங்கில் அமைதி)

இதெல்லாம் காப்பியம், நம்ம வீட்டுக்கு வாப்பா என்பீர்கள். வருகிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் கேள்வி கேட்டு நின்றவன் பரம்பரைதானே நாம்? அப்புறம் எப்போது கேட்பதை நிறுத்தினோம்? பதில் சொல்கிற வயதுக்குப் பெண் வருவதற்கு முன்பே கல்யாணம் பண்ணத் தொடங்கியபோது நிறுத்தினோம். மகாகவி பாரதிக்கு 1897-இல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு 14 வயது. செல்லம்மாவுக்கு 7. ஏழு வயதுக் குழந்தையிடம் எவன் என்ன பேச்சைத் தொடங்குவான்?

ஆனாலும் பாரதி பாரதிதான். கல்யாணத்துக்கு அப்புறம் காசிக்குப் படிக்கப் போனார். அவரைப் பற்றி யாரோ எதையோ சொல்ல, கவலைப்பட்டு அந்தச் சிறுபெண் ஒரு கடிதம் எழுதினாள். அதற்கு அவர் எழுதிய பதிலில் அவளைக் ‘காதலி’ என்றுதான் விளிக்கிறார். கட்டின மனைவியை! கவலைப்படுகிற நேரத்தில் தமிழை நன்றாகப் படி, எனக்கு அதுதான் சந்தோஷம் என்று எழுதினார். ஒரு பெண் என்னைக் கேள்வி கேட்கலாமா என்று அவர் கோபப்படவில்லை. பின்னாளில் அதே செல்லம்மா பேரில் ‘பாரதியார் சரித்திரம்’ என்று ஒரு புத்தகம் வந்தது. எழுத்துப் படி என்று சொன்னவனின் சரித்திரத்தைச் சொல்லும் அளவுக்கு அவர் வளர்ந்தார். (கைதட்டல்)

அதற்கும் முன்னால், 1879-இல் வந்தது தமிழின் முதல் நாவல், பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதினார். அதில் கதாநாயகனும் ஞானாம்பாளும் சிறுவயதில் ஒன்றாகவே பாடம் படித்தவர்கள். அதனால் அந்தப் பெண் தயங்காமல் பேசுகிறாள், புத்தி சொல்கிறாள், பின்னால் ஆண் வேஷத்தில் நாட்டையே ஆளுகிறாள். பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்று முழங்கின மனிதர் அவர். கேட்டால் பதில் சொல்ல அவளுக்குப் படிப்பும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. 1978-இல் அது 18, 21 ஆனது. நடுவில் நம் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. 1928 முதல் பெரியார் வழியில் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அதற்குச் சட்டம் நிறைவேறி, 1968-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு அழகு உண்டு. மணமகனும் மணமகளும், தங்களுக்குப் புரிகிற மொழியில், இவரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியே மணம் செய்துகொள்ளலாம். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ரெண்டு நிமிஷம் ஐயா. எங்க பாட்டியைப் பத்திச் சொல்லாம நான் உட்கார முடியாது.

எங்க பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் சீமை. பாட்டிக்கு 1920-களில் கல்யாணம். அப்போ அவளுக்கு வயசு 13. தாத்தாவுக்குப் பருத்தி வியாபாரம். தாத்தா, பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இந்தா”ம்பார். பாட்டி தாத்தாவோட பேசணும்னா சுவரைப் பார்த்துப் பேசுவா. “சாப்பாடு ஆறுது”ன்னு சுவர்கிட்டச் சொல்லுவா. தாத்தா எந்திரிச்சு வருவார். (சிரிப்பு) ஆனா பிரியம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. மாசம் ரெண்டு தடவை திருநெல்வேலிக்குப் போவார். போனா, அல்வா வாங்காம வரமாட்டார். பொட்டலத்தை அடுப்படித் திண்டுல வச்சுட்டு, ஒண்ணும் பேசாம போயிடுவார். பாட்டி அதைப் பிரிச்சு எங்களுக்கெல்லாம் பங்கு வைப்பா. அவ தின்னு நான் பார்த்ததில்லை. பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டு இருக்கிற மனசுன்னு நாங்க எல்லாம் நினைச்சோம்.

கல்யாணமாகி அம்பது வருஷம் கழிச்சு ஒரு நாள். பாட்டிக்குக் காய்ச்சல். வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை. தாத்தா கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, என்ன தோணுச்சோ, “உனக்கு என்ன திங்கணும் போல இருக்கு?”ன்னு கேட்டார். நான் அங்கதான் நின்னேன். பாட்டி சுவரைப் பார்த்தா. அப்புறம் மெதுவா அவரைப் பார்த்தா. “எனக்கு இனிப்பே ஆகாதுங்க. காரம்தான் பிடிக்கும்”னா! (சிரிப்பு)

எல்லோரும் சிரிக்கறீங்க. அன்னிக்கு நாங்களும் சிரிச்சோம். தாத்தா சிரிக்கலை. எந்திரிச்சு வெளியே போய்த் திண்ணையில உட்கார்ந்தார். அம்பது வருஷம் அல்வா வாங்கின மனுஷன். மறுநாள் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுச் சாத்தூர் போய், ஒரு கிலோ காராச்சேவு வாங்கிட்டு வந்தார். பாட்டி வாங்கி மடியில வச்சுக்கிட்டா. ஒண்ணை எடுத்து வாயில போட்டு, ரொம்ப நேரம் ஊற வச்சுக்கிட்டே இருந்தா. அப்ப அவளுக்கு மிச்சம் இருந்தது ரெண்டு பல்லு.

(அரங்கில் அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

தாத்தா கெட்டவர் இல்லை, நடுவர் அவர்களே. கேட்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து பேசறதை நான் பார்த்திருக்கேன். அவளுக்குச் சின்ன வயசுல எந்தக் கிணத்துல நீச்சல் தெரியும், எந்த வாத்தியார் பாடம் சொன்னாருன்னு எல்லாம் அவர் கேட்டுக்கிட்டு இருப்பார். 13 வயசுல கேட்டிருக்க வேண்டியது. பாட்டி சுவரைப் பார்த்துப் பேசறதை அப்புறம் விட்டுட்டா.

அதனால இங்கே வந்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்றேன். நாளைக்கு நீங்க பேசப்போற பொண்ணு, காதலியோ, நிச்சயம் பண்ணின பொண்ணோ, கட்டின மனைவியோ, யாராக இருந்தாலும் சரி. அவளுக்குத் தெரிஞ்ச ஒண்ணைக் கேளுங்க. அவ வேலையைப் பத்தி, அவ ஊரைப் பத்தி, அவ படிச்சதைப் பத்திக் கேளுங்க. “எங்கே போனே, யாரோட பேசினே”ன்னு கேட்காதீங்க. அது கேள்வி இல்லை, போலீஸ் விசாரணை. (சிரிப்பு) கேட்டுட்டு உங்க நாயை அடக்குங்க. அப்புறம் நில்லுங்க. பதில் வரலையா? மொழிபெறாது கூறல்னு நம்ம முன்னோர் அதுக்கும் துறை வச்சிருக்காங்க. இன்னொரு நாள் இன்னொரு யானையைத் தேடிக்கிட்டு வாங்க. “யானையும் பாக்கலை, உன்னையும் பாக்க விரும்பலை”ன்னு அவ சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்த வழியே திரும்பிப் போங்க. அதுவும் ஒரு பதில்தான். அதையும் மதிக்கத் தெரிஞ்சவன்தான் கேட்கத் தகுதியானவன்.

தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. கண்ணகி மாதிரி பதினாறாவது காதை வரைக்கும் உள்ளேயே வச்சுக்கிட்டு இருக்காதீங்கம்மா. காரம் பிடிக்கும்னா, முதல் அல்வாப் பொட்டலத்திலேயே சொல்லிடுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியா ஒண்ணு. தமிழ்ல ‘கேள்’ங்கற சொல்லைப் பாருங்க. வினவு என்றாலும் கேள். காது கொடு என்றாலும் கேள். உறவு, நட்பு என்றாலும் கேள். உறவினரைக் ‘கேளிர்’ என்றார்கள். கணவனை, காதலனை என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘கேள்வன்’! வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல் ஆராய்ச்சி செய்யவில்லை. கேள்வன் என்று பேர் வாங்கினவன், ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். (நீண்ட கைதட்டல்)

பாராட்டு வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை, நடுவர் அவர்களே. அல்வாவும் வேண்டும். ஆனால் அவளுக்கு அல்வா பிடிக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். ஆகவே, நல்ல பேச்சைத் தொடங்கி வைப்பது அக்கறையான கேள்வியே, கேள்வியே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு, நீங்கள் சொல்லப் போகும் சொல்லுக்காகக் காத்து நின்று, விடைபெறுகிறேன்.